பச்சை வந்துச்சா?

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்து கராஜ் கதவைத் தூக்கினேன். நான்கு மாதம் உயிரைக் கொடுத்துக் கட்டிய மோட்டார் சைக்கிளின் இரும்புச் சட்டம், கழுத்து தனியாக, உடம்பு தனியாக மேசைமேல் கிடந்தது. அந்த நிமிடம் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இன்றைக்கு என்னவென்றால், அறுத்த அந்த ரம்பத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் நெரியோ. இத்தாலியில் ஃபாயென்ஸா ஊருக்கு வெளியே ஒயின் தொட்டி செய்யும் ஆலையில் இருபத்தெட்டு வருடமாக ஆர்கான் வெல்டிங் செய்கிறேன். நான் பற்றவைத்த தொட்டியில் ஒரு சொட்டு ஒயின் ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை. இது பீற்றல்தான், தெரியும். எங்கள் ரோமாஞா மண்ணில் பீற்றாத ஆளைப் பார்த்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

என் மனைவி ஒரியேலே நகராட்சிப் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பத்தொரு வயது. எங்கள் பள்ளத்தாக்கில் மே மாதம் பழைய வண்டிகளுக்கும் வீட்டில் கட்டிய வண்டிகளுக்கும் ஒரு மலைப் பந்தயம் நடக்கும். ஐந்து கிலோமீட்டர், முப்பத்தொரு வளைவு, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. ஒன்பது வருடமாக அவள் அதில் வண்டி ஓட்டுகிறாள், ஒவ்வொரு வருடமும் இரவல் வண்டியில். போன அக்டோபரில் ஒருநாள் சாப்பிடும்போது, "இந்தத் தடவை நீ கட்டு, நான் ஓட்டுறேன்"னு சாதாரணமாகச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றிக்கொண்டாள். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

இதில் வானெஸ் எங்கே வருகிறான் என்றால், எதிரியாக வருகிறான். ஊர்க் கோடியில் பட்டறை வைத்திருக்கிறான். டிராக்டர் ரேடியேட்டர், இரும்புக் கதவு, சைக்கிள் எல்லாவற்றையும் கேஸ் நெருப்பால் சூடாக்கிப் பித்தளை உருக்கி ஒட்டுவான். எனக்கும் அவனுக்கும் இருபது வருடச் சண்டை. பாரில் நாங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"நீ பண்றது வெல்டிங்காடா? தையல். பாவாடைக்கு லேஸ் வச்ச மாதிரி" என்பான் வானெஸ்.

"உன்னுது மட்டும் என்ன? சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துற வேலை."

"இரும்பை உருக்காம ஒட்டவைக்கிறதுதான் அதுக்கு நாம குடுக்குற மரியாதை. நீ அதை உருக்கிக் கொன்னுட்டு அப்புறம் ஒட்டுற."

"இருபது வருஷமா ஒட்டுறியே, உன் வீட்டு வாசக் கதவு ஏன் இன்னும் ஆடுது?"

இப்படித்தான் போகும். ஒரு வண்டிச் சட்டத்தை இரண்டு விதத்திலும் பிழையில்லாமல் கட்டலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை ஒத்துக்கொண்டால் அப்புறம் பாருக்கு எதற்குப் போவது?

சட்டத்துக்குக் குரோமோலி என்கிற கெட்டி எஃகுக் குழாய் வாங்கினேன். கழுத்து மட்டும் புதிதாகச் செய்யவில்லை. கழுத்து என்றால், ஹேண்டிலும் முன் ஃபோர்க்கும் உட்காருகிற அந்தத் தடித்த குழாய். வண்டியின் மொத்த பலமும் அங்கேதான். புத்தியுள்ளவன் லேத்தில் அரை நாளில் ஒன்று கடைந்துகொள்வான். நான் இமோலா பழைய சாமான் சந்தையில் ஒரு கழுத்தைப் பார்த்துவிட்டேன். எங்கள் மலையில் மூன்று முறை ஜெயித்த ஒரு பழைய வீரனின் வண்டியிலிருந்து வெட்டி எடுத்தது என்று விற்றவன் சத்தியம் செய்தான். எங்கள் ஆட்களுக்கே உரிய கிறுக்கு இது. ஜெயித்த வண்டியின் ஒரு துண்டு கையில் கிடைத்தால் அதைச் சுற்றி முழு வண்டியையும் கட்டிவிடுவோம்.

பழைய பெயின்டை உரித்தேன், பழைய குழாய்களின் மிச்சத்தைக் கிரைண்டரால் வழித்தேன். அந்தக் காலத்துச் சட்டம், பித்தளை வைத்து ஒட்டியது. மஞ்சள் போகும்வரை தேய்த்தேன். போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஜனவரியில் கழுத்தைப் பற்றவைத்தேன். புதுக் குழாய்களின் வாயை அரத்தால் ராவி ராவி, கழுத்தோடு சேரும் இடத்தில் சிகரெட் தாள்கூட நுழையாதபடி பொருத்தியிருந்தேன். எதிரும் புதிருமாக நான்கு இடத்தில் பொட்டுப் போலப் பற்றவைத்தேன், சூடு ஒரே பக்கம் இழுக்காமல் இருக்க. ஒரியேலே என் இன்னொரு வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டு, கராஜ் ஓரத்தில் இருந்த ஃப்ரீசர்மேல் உட்கார்ந்து, முகமூடியைத் தூக்கித் தூக்கிப் பியதீனா ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். இடது கீழ்க் குழாயில் மூன்றாவது வரி போடும்போது வெல்டிங் டார்ச் முனையில் வெளிச்சம் பச்சையாகப் பூத்தது. சடசடவென்று ஒரு சத்தம், கொஞ்சம் வெள்ளைப் புகை.

"என்ன நெரியோ, பச்சையா வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடில அழுக்கு."

அழுக்காவது மண்ணாவது. இரும்பு எரிந்தால் பச்சை வராது. பச்சை வந்தால் செம்பு, செம்பு வந்தால் பித்தளை. ஏதோ ஒரு மடிப்புக்குள் பழைய பித்தளை ஒளிந்திருக்கிறது. ஆர்கான் சூட்டில் அது உருகினால் மேலே ஓடாது, இரும்பின் உள்ளே, அதன் மணிகளுக்கு நடுவே புகுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே அது நேற்றைய ரொட்டி, அழுத்தினால் உதிரும். அந்த இடத்திலேயே டார்ச்சை அணைத்துவிட்டுக் கழுத்தைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே எனக்குத் தெரிந்த விஷயம் இது.

நான் என்ன செய்தேன்? அவள் மேலே வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்து, போட்ட பற்றை, அதாவது வெல்டை, வழித்து எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டாவது தடவையும் லேசாகப் பச்சை. மறுபடி வழித்தேன். மூன்றாவது தடவை வரவில்லை, அல்லது பார்க்க எனக்கு மனசில்லை. அதன்மேல் நாணயங்களைச் சரித்து அடுக்கிய மாதிரி ஒரு பற்று போட்டேன். என் வாழ்க்கையிலேயே அழகான வெல்டு அதுதான். நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அந்தக் கழுத்தை விட மனசு வரவில்லை, அது ஒன்று. இன்னொன்று வானெஸ். பித்தளை என்னைக் கவிழ்த்துவிட்டது என்று அவன் காதுக்குப் போனால் சாகும்வரை பாரில் தலை காட்ட முடியாது. இதற்காகப் பெண்டாட்டியின் உயிரைப் பணயம் வைப்பானா ஒருவன் என்றால், வைத்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டு வைக்கவில்லை. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே வைத்தேன்.

எங்கள் ஊர் வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெயின்ட் அடிக்கும் முன் சட்டத்தை அம்மணமாகப் பாருக்கு எடுத்து வர வேண்டும். முற்றத்தில் இரண்டு பீப்பாய்மேல் வைப்பார்கள். ஊரே ஒயின் கோப்பையோடு சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு பற்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக் குறை சொல்லும். குறை சொன்னால்தான் மரியாதை. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். போகாவிட்டால் சந்தேகம் வருமே.

வானெஸ் கடைசியாக வந்தான். பின்னாலிருந்து ஆரம்பித்து, விரலை ஓட்டிக்கொண்டே முன்னால் வந்தான்.

"நல்லா தைச்சிருக்கே. ஒரியேலே, இவன்கிட்ட ஜன்னல் திரையும் தைக்கக் குடு." எல்லோரும் சிரித்தார்கள். கழுத்துக்கு வந்ததும் விரல் நின்றது. "இந்தக் கழுத்து புதுசு இல்லையே."

"யாரோடதுன்னு தெரியுமா? மூணு தடவை இந்த மலையில ஜெயிச்ச கழுத்து."

"அவன் வண்டி பித்தளை வச்சதுதானே?"

"வழிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?" அவன் குரல் தாழ்ந்துவிட்டது. கிண்டல் இல்லாமல் அவன் என்னிடம் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும். "நெரியோ, பத்தவைக்கும்போது பச்சை வந்துச்சா?"

ஒரியேலே என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னேன்.

"இல்ல."

"சரி அப்போ"ன்னு சொல்லிவிட்டு அவன் ஒயின் எடுக்கப் போய்விட்டான். பிறகு நெடுநேரம் சிரிப்பும் கூத்துமாகப் போயிற்று. திரும்பி வரும்போது வேனை ஒரியேலேதான் ஓட்டினாள். வானிலை பற்றிப் பேசினாள்.

திங்கட்கிழமை காப்பி குடிக்கும்போது, "கழுத்து எப்படியிருக்கு?"ன்னு கேட்டாள். "பாறை மாதிரி"ன்னேன். செவ்வாய்க்கிழமை நான் வரும்போது என் இரண்டு முகமூடிக் கண்ணாடிகளையும் கழற்றிச் சமையலறைத் தொட்டியில் வினிகர் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். துணியால் துடைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அழுக்கு ஒண்ணும் பெருசா இல்லையே."

எனக்குப் புரிந்தது. புரியாமல் என்ன? ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "கழுவினது நல்லதாப் போச்சு"ன்னு சொன்னேன். புதன்கிழமை பெயின்டரோடு போனில் பேசி சனிக்கிழமை காலையில் சட்டத்தைக் கொண்டுவருவதாகச் சொன்னேன். சிவப்பு. அவள் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கதவைத் தூக்கியபோது வானெஸ் ஃப்ரீசர்மேல் உட்கார்ந்திருந்தான், கையில் எங்கள் வீட்டுக் காப்பிக் கோப்பை. நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன்.

"என் வீட்டுக்குள்ள வந்து, என் சட்டத்தை, நீ யாருடா..."

அவன் கையை ஓங்கவில்லை, காப்பி சிந்தாமல் மட்டும் பார்த்துக்கொண்டான்.

"அவனை விடு"ன்னு ஒரியேலேயின் குரல். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கை முட்டிவரை இரும்புத் தூள். "அறுத்தது நான்."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மூன்று கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது.

"நான் கூப்பிட்டுத்தான் இவன் வந்தான். கிரைண்டர் எடுத்தான். ரெண்டு நிமிஷ வேலைன்னான். நான் வேண்டாம்னேன். ரம்பத்துல அறுத்தேன், மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து."

"ஏன்?"

"மெதுவா அறுக்கணும்னுதான். நடுவுல நீ போன் பண்ணி, நிறுத்து ஒரியேலே, ஒரு விஷயம் சொல்லணும்னு சொல்லுவேன்னு பார்த்தேன். அஞ்சு நாள் பார்த்தேன். இன்னிக்கும் போனைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுத்தான் அறுத்தேன்."

நான் காலரை விட்டுவிட்டேன். இருந்தாலும் திமிர் விடவில்லை பாருங்கள். "நல்ல சட்டத்தை அநியாயமா வெட்டிட்டீங்க. ஒரு பச்சைக்காக. எல்லாம் வழிச்சுட்டேன்னு சொன்னேனே"ன்னு கத்தினேன். பாரில் இல்லை என்று சொன்ன பச்சை, கராஜில் என் வாயாலேயே வந்துவிட்டது. அது எனக்கே தெரியவில்லை.

வானெஸ் எழுந்து, கழுத்துத் துண்டை மேசைமேல் இருந்த வைஸ் பிடியில் கவ்வவைத்து இறுக்கினான். இடது குழாயின் ஒரு சாண் நீளம் அதில் நீட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலை என்னிடம் நீட்டினான்.

"நீயே அடி. நான் அடிச்சா ஏதோ சூது பண்ணிட்டேன்னு சொல்லுவே."

நல்ல பற்று என்றால் குழாய் வளையும், நசுங்கும், பற்று மட்டும் விடாது. ஆலையில் மாதிரித் துண்டுகளை நான் எத்தனை தடவை இப்படி அடித்திருக்கிறேன். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. ஒரியேலேயை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டாவது அடி அடித்தேன். குழாய் வளையவே இல்லை. முறுக்குக் குச்சி போலப் படக்கென்று ஒடிந்து தரையில் விழுந்து உருண்டது.

எடுத்துப் பார்த்தேன். ஒடிந்த வாயில், சாம்பல் நிற இரும்புக்குள் மெல்லிய மஞ்சள் நரம்புகள் ஓடின. என் அழகான பற்று ஒரு கீறல்கூட இல்லாமல் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த மலையில் இருபத்திரண்டாவது வளைவில் பாதுகாப்புச் சுவர் முடிகிறது. அங்கே எல்லோரும் முன் பிரேக்கை முழுசாகப் பிடிப்பார்கள். மொத்த பாரமும் கழுத்தில் இறங்கும் இடம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பச்சை வந்துச்சு. மூணு தடவை போட்டேன். ரெண்டு தடவை வந்துச்சு. இவனுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு சொல்லல. உன்கிட்டயும் சொல்லல"ன்னு சொன்னேன்.

"பதாக்கா"ன்னாள் ஒரியேலே. எங்கள் ஊரில் முட்டாளுக்கும் பீற்றல்காரனுக்கும் போலிச் சரக்குக்கும் செல்லப்பிள்ளைக்கும் அந்த ஒரே சொல்தான். எந்த அர்த்தம் என்பது குரலில்தான் தெரியும். அன்றைக்கு அவள் குரலில் நான்கும் இருந்தது. கன்னத்தைத் துடைத்தபோது இரும்புத் தூள் அப்பிக்கொண்டது. பிறகு எனக்கும் ஒரு காப்பி போட மேலே போனாள்.

வானெஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருடச் சண்டையில் அவனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி வாய்க்காது. அடுத்த நாள் பாரில் யாரோ, "நெரியோ சட்டம் பெயின்டுக்குப் போகலையாமே?"ன்னு கேட்டிருக்கிறார்கள். "கழுத்துச் சாய்வு ஒரு டிகிரி தப்பாம். அவனே அறுத்துப் போட்டுட்டான். அவன் அப்படித்தான், பிடிவாதக்காரன்"ன்னு சொல்லிவிட்டுச் சீட்டைப் போட்டிருக்கிறான். எனக்கு இதைச் சொன்னது பார்க்காரர். நான் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். இப்படி ஒரு எதிரி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை.

புதுக் கழுத்தை லேத்தில் நானே கடைந்தேன். ஜெயித்த வண்டியும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் இரும்பு. கராஜுக்குள் வானெஸும் வந்தான், ஃப்ரீசர்மேல் அவனும் ஒரியேலேயும். சட்டம் முழுக்க முதலில் ஆர்கான். பித்தளை கடைசியில், டாங்கையும் சீட்டையும் தாங்குகிற சின்னச் சின்னத் துண்டுகளுக்கு மட்டும். இந்த வரிசை மாறினால் மறுபடி அதே கதைதான். அந்தத் துண்டுகளை அவனையே ஒட்டச் சொன்னேன். அவன் நெருப்பின் முன்னால் பித்தளை தேனாக இளகி மூலைக்குள் தானாக இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அழகுதான். அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவு தூரத்துக்கு இன்னும் திருந்தவில்லை.

ஆனால் ஒன்று மாறியது. பற்றவைக்கும்போது வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். "இங்க காத்து அடிச்சிடுச்சு, துளை விழுந்திருக்கு. வழிச்சுட்டு மறுபடி போடுறேன்." "இந்தப் பொட்டு கோணல்." முதல் நாள் வாய் கூசியது. ஒரியேலே ஒவ்வொன்றுக்கும் "சரி"ன்னு மட்டும் சொன்னாள், ரொட்டியை மென்றுகொண்டே. ஒரு தடவைகூட ஏன், எப்படி என்று கேட்கவில்லை.

மே மாதம் வந்தது. சனிக்கிழமை காலை, முதல் பயிற்சி ஓட்டம். ஆலிவ் மரங்களுக்குக் கீழே வண்டிகள் வரிசையில் நின்றன. ஒரியேலே கையுறையை மாட்டிக்கொண்டு வண்டிமேல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டே பேர். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

"ஏதாவது சொல்லணுமா?"

சுற்றிலும் ஆட்கள். வானெஸ், பார்க்காரர், பெயின்டர், பாதி ஊர். எல்லோருக்கும் கேட்கும்.

"இருக்கு. இடது கீழ்க் குழாய், இன்ஜினைத் தாங்குற இடம். அங்க எனக்குக் கை நடுங்கிடுச்சு. பத்தவச்ச இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கு. விரிசலைக் காட்டிக்குடுக்குற சிவப்புச் சாயம் ஏத்திப் பார்த்தேன், விரிசல் இல்ல. ஆனா அது எனக்குப் பிடிக்கல."

யாரோ பின்னால் செருமினார்கள். இருபத்தெட்டு வருடத்தில் என் வாயிலிருந்து இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை.

"தாங்குமா?"

"தாங்கும்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அவள் என் முகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்த மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். கொடி விழுந்தது.

புதுச் சட்டத்தில் ஏறும் எவரும் முதல் வளைவில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விடுவார்கள். வண்டி என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்ப்பதற்காக. நான் அவள் இன்ஜின் சத்தம் இறங்கக் காத்திருந்தேன்.

அவள் விடவில்லை.